பக்கத்து வீட்டுக்காரங்கள நேசிக்கிறது எப்படி? முதல்ல பைக்கை எடுங்க

"உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக"ங்கிற வசனத்த நாலாங்கிளாஸ் படிக்கும்போதே சண்டே ஸ்கூல்ல தப்பில்லாம ஒப்பிச்சு சோப்பு டப்பா பரிசு வாங்கினவ நான். அதுக்கப்புறம் பாளையங்கோட்டையில ஒரே தெருவுல பதினோரு வருஷமா குடியிருக்கேன், எதிர்வீட்டு பாய் என்ன வேலை பாக்குறாருன்னு கூட ரொம்ப நாள் தெரியாது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு போறோம், காணிக்கை போடுறோம், கோயில் விருந்தான அசனத்துக்கு அரிசி குடுக்குறோம், வடக்க எங்கயோ இருக்குற மிஷனரிக்கு மாசாமாசம் பணம் அனுப்புறோம், ஆனா எதிர்வீட்டுக் கதவு நமக்கு ஆயிரம் கிலோமீட்டர் தூரம்.

எனக்கு இது உறைச்சது ஒரு வெள்ளிக்கிழமை. எங்க வீட்டுல காட்டேஜ் பிரேயர், அதாவது வீட்டு ஜெபக்கூட்டம், முப்பது பேர் வந்திருந்தாங்க, மைக் வேற, வந்தவங்க வண்டியெல்லாம் எதிர்வீட்டு கேட்டை அடைச்சு நிக்குது. அந்த நேரம் பாயோட வாப்பாவுக்கு மூச்சு இழுப்பு வந்துருச்சு. ஆட்டோ உள்ள வர வழியில்ல. பாய் வந்து எங்க கதவ தட்டியிருக்காரு, நாங்க பாட்டுல இருந்தோம், ஒருத்தருக்கும் கேக்கல. கடைசியில அவரும் அவர் மகனும் பெரியவர சேர்ல உக்கார வச்சு தெருமுனை வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகல, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனா மறுநாள் பாய் வந்து சத்தம் போட்டப்போ நான் சொன்னேன் பாருங்க, "வாரத்துல ஒரு நாள் ஒரு மணி நேரம் பொறுத்துக்க முடியாதா உங்களால"ன்னு. எட்டு மாசம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

அதனால இது பிரசங்கம்னு நினைச்சு படிக்காதீங்க. தப்பு பண்ணி பண்ணி கத்துக்கிட்டத, இனிமே வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்னு எழுதுறேன்.

தொல்லை குடுக்காம இருங்க, அதுதான் முதல் படி

அன்புன்னா உடனே நமக்கு கேக்கும் பிரியாணியும் குடுக்கிறதுதான் ஞாபகம் வரும். அதெல்லாம் ரெண்டாவது. நம்மளால அடுத்த வீட்டுக்கு என்ன கஷ்டம்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, உங்க பையனையோ பொண்ணையோ கேட்டா இன்னும் கரெக்டா சொல்லுவாங்க. எங்க வீட்டு லிஸ்ட்ல வந்தது: வெள்ளிக்கிழமை வண்டி, மைக், மாடியில நிரம்பி வழியிற தண்ணி பாயோட சுவர்ல இறங்குறது, எங்க முருங்கை மரத்து கம்பளிப்பூச்சி, காலையில அஞ்சு மணிக்கு டிவியில ஓடுற செய்தி.

நீதிமொழிகள் 27:14 எடுத்துப் பாருங்க. அதிகாலையில எழுந்து உரத்த சத்தத்தோட சிநேகிதனுக்கு சொல்ற ஆசீர்வாதம் சாபமா எண்ணப்படும்னு இருக்கு. சாலொமோன் காலத்துல குழாய் ஸ்பீக்கரே கிடையாது! சட்டமும் அதத்தான் சொல்லுது, 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் திறந்த இடத்துல ஒலிபெருக்கி போடக்கூடாது, குடியிருப்பு பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல்தான் அளவு. அதே வருஷம் சென்னையில ஒரு சபைக்கும் பக்கத்து குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அடுத்தவங்க நிம்மதியக் கெடுத்து ஜெபம் பண்ணுன்னு எந்த மதமும் சொல்லலன்னு கோர்ட் சொல்லிருச்சு. நம்ம வேதத்துல இருக்குறத நமக்கு நீதிபதி வாசிச்சுக் காட்ட வேண்டியதாப் போச்சுன்னு நினைக்கும்போது எனக்கு இன்னைக்கும் வெக்கமா இருக்கும். "அவங்க மட்டும் ஆடி மாசம் ஸ்பீக்கர் கட்டலையா"ன்னு கேப்பீங்க. கட்டுறாங்க. அது அவங்க கணக்கு.

முப்பது பேர் உக்கார்ற ஹாலுக்கு மைக் எதுக்கு? தொண்டை போதும். வண்டிய தெருமுனையில காலி இடத்துல விட்டுட்டு நடந்து வரச் சொல்லுங்க, ஜெபக்கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு நூறு அடி நடக்குறது பெரிய சிலுவை இல்ல. டிசம்பர்ல பஜனை, கேரல் ரவுண்ட்ஸ் போறவங்க, நடுராத்திரி ரெண்டு மணிக்கு டிரம் அடிச்சு எழுப்புற வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கலாம், பரீட்சைக்கு படிக்குற பிள்ளை இருக்கலாம். பத்து மணிக்குள்ள முடிங்க. இளைஞர் ஐக்கியத்துல இத சொன்னதுக்கு என்னைய "டீச்சர் வந்துட்டாங்கடா"ன்னு ஓட்டுனாங்க, பரவாயில்ல.

பேரு தெரியணும், அளவும் தெரியணும்

உங்க வீட்டுக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, சைடுல ரெண்டு வீடு இருக்கும். அந்த ஆறு வீட்டுலயும் யார் யார் இருக்காங்க, யாருக்கு சுகர், யாரோட பிள்ளை வெளியூர்ல இருக்கு, யார் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு காலையில தூங்குறாங்கன்னு உங்களுக்கு தெரியுமா? எனக்கு ரெண்டு வீடுதான் தெரிஞ்சது. ஒரே நாள்ல போய் விசாரிக்காதீங்க, மக்கள்தொகை கணக்கெடுக்க வந்த மாதிரி இருக்கும். குப்பை வண்டி வர்ற நேரம், தண்ணி வர்ற நேரம், மாவு மில்லு, ரேஷன் கடை கியூ, இதெல்லாம்தான் பேசுற இடம். போனை பைக்குள்ள வச்சுட்டு நில்லுங்க, பேச்சு தானா வரும்.

இன்னொரு பக்கம் அளவும் வேணும். "உன் அயலான் சலித்து உன்னை வெறுக்காதபடிக்கு, அடிக்கடி அவன் வீட்டில் கால்வைக்காதே"ன்னு அதே நீதிமொழிகள் 25:17ல இருக்கு. சம்பளம் எவ்வளவு, பொண்ணுக்கு ஏன் இன்னும் முடிக்கல, கல்யாணமாகி மூணு வருஷமாச்சே விசேஷம் இல்லையா, இந்த மூணு கேள்வியையும் கேக்காம இருக்குறதே எங்க தெருவுல பெரிய ஊழியம்.

தனியா இருக்குற வயசானவங்க வீடு ஒண்ணாவது உங்க கணக்குல இருக்கட்டும். எங்களுக்கு மூணாவது வீட்டு ஆச்சி. மகன் பெங்களூரு, மகள் துபாய். காலையில ஆறு மணிக்கு ஆச்சி வாசல் தெளிச்சு கோலம் போட்டுருவாங்க, அதுதான் எங்களுக்கு சிக்னல். ஆறரைக்கும் கோலம் இல்லன்னா யாராவது போய் பெல் அடிப்போம். அவங்க வீட்டு இன்னொரு சாவி எங்க பீரோவுல, மகன் நம்பர் எங்க ஃப்ரிட்ஜ் மேல. இதுக்கு மாசத்துக்கு அஞ்சு பைசா செலவு கிடையாது. போன வருஷம் ஆச்சிக்கு ஒரு வீடியோ கால், போலீஸ் டிரஸ் போட்ட ஒருத்தன், உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்கு, டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிருக்கோம், யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு மிரட்டுறான். ஆச்சி நடுங்கிட்டே பேங்க் பாஸ்புக்க எடுத்துக்கிட்டு வெளிய வந்தவங்க, நல்லவேளை என் வீட்டுக்காரர் வாசல்ல நின்னாரு. அப்படி ஒரு அரெஸ்டே சட்டத்துல கிடையாது, பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிக்கணும்னு பெரிய எழுத்துல எழுதி போன் பக்கத்துல ஒட்டி வச்சோம். கூடவே முதியோர் உதவி எண் 14567. பெரியவங்க இருக்குற வீட்டுக்கெல்லாம் இந்த ரெண்டு நம்பரையும் எழுதிக் குடுங்க, சுவிசேஷக் கைப்பிரதி நோட்டீஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இத குடுங்க.

தட்டு போகும், தட்டு வரும்

இது நமக்கு தெரிஞ்ச ஏரியா, இதுலயும் கவனிக்க வேண்டியது இருக்கு. கிறிஸ்மஸுக்கு நீங்க ஆசையா செய்யற பிளம் கேக்குல பழத்த ரம்முல ஊறப் போட்டிருப்பீங்க, அத பாய் வீட்டுக்கு அனுப்பிட்டு அன்பு காட்டிட்டேன்னு நினைச்சா எப்படி? அவங்களுக்குன்னு கொஞ்சம் பழத்த ஆரஞ்சு ஜூஸ்ல தனியா ஊற வைங்க. பிரியாணி அனுப்புறதா இருந்தா கறிய ஹலால் கடையில வாங்குங்க, வாங்குனத சொல்லியும் குடுங்க. ஆச்சி வீட்டுல சைவம், முட்டை வாசனையே ஆகாது, அவங்களுக்கு முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு வேண்டாம் அதுல முட்டை ஊத்துவோம், கை முறுக்கு, அதிரசம். அதுவும் மீன் பொரிச்ச எண்ணெயில போட்டுறாதீங்க. அவங்களுக்கு தெரியாதுன்னு நினைப்போம், ஆனா நமக்கு தெரியுமே.

அவங்க குடுக்குறத வாங்குறதுதான் நம்ம ஆட்கள்கிட்ட பெரிய பஞ்சாயத்து. ஆச்சி பொங்கலுக்கு சர்க்கரைப் பொங்கல் குடுக்குறாங்க, பாய் வீட்டுல இருந்து நோம்புக் கஞ்சி வருது, இன்னொரு வீட்டுல கோயில் பிரசாதம். சாப்பிடலாமா கூடாதான்னு சபைக்கு சபை பதில் மாறும். பவுல் 1 கொரிந்தியர் 10ல விருந்துக்கு கூப்பிட்டா முன்னால வச்சத மனச்சாட்சிக்காக ஒண்ணும் விசாரிக்காம சாப்பிடுன்னும் சொல்றாரு, இது படைச்சதுன்னு ஒருத்தன் சொன்னா சாப்பிடாதன்னும் சொல்றாரு. நான் வீட்டுல பொங்குன பொங்கலையும் கஞ்சியையும் ரெண்டு கையாலயும் வாங்கி சாப்பிடுறவ. என் நாத்தனார் சாமிக்கு படைச்சத தொடமாட்டா, அது அவ மனச்சாட்சி, அதுல எனக்கு சண்டையில்ல. ஆனா ஒண்ணு, வேண்டாம்னா வாசல்லயே சிரிச்ச முகமா, "அக்கா, நாங்க பிரசாதம் எடுக்கிறதில்ல, தப்பா நினைக்காதீங்க, உள்ள வாங்க ஒரு காபி குடிங்க"ன்னு சொல்லுங்க. வாங்கி வச்சுட்டு ராத்திரி குப்பையில கொட்டாதீங்க. குப்பை டப்பா தெருவுலதான் இருக்கு, நாலு பேரு பாப்பாங்க. அந்த அரிசியும் வெல்லமும் ஒரு அம்மா காலையில நாலு மணிக்கு எழுந்து கிண்டுனது.

பாத்திரத்த காலியா திருப்பிக் குடுக்காதீங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஒண்ணுமில்லன்னா ஒரு கை சீனியாவது போட்டுக் குடுப்போம்.

நாளைக்கு வான்னு சொல்லாதீங்க

பிறனிலும் அன்புகூருங்கிற வசனம் எந்த இடத்துல இருக்குன்னு நம்மள்ல பாதி பேருக்கு தெரியாது, இயேசு புதுசா சொன்னதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். லேவியராகமம் 19:18. அந்த அதிகாரத்த முழுசா ஒரு தடவை வாசிங்க. வயல்ல ஓரத்த அறுக்காத, ஏழைக்கும் பரதேசிக்கும் விடு. செவிடன நிந்திக்காத. குருடன் முன்னால தடுக்கல் வைக்காத. படிக்கல்ல கள்ளத்தனம் பண்ணாத. கூலிக்காரன் கூலி விடியற வரைக்கும் உன் கையில இருக்கக் கூடாது. இவ்வளவுக்கும் நடுவுலதான் அந்த அன்பு வசனம் உக்காந்திருக்கு. சுத்தி இருக்குறதெல்லாம் சம்பளம், தராசு, வயல், கோள்.

அப்போ வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு ஒண்ணாம் தேதி காலையில சம்பளம் கையில குடுக்கணும். "சில்லறை இல்ல, நாளைக்கு வாங்கிக்கோ"ங்கிறது நமக்கு ஒரு நாள், அவங்களுக்கு அது குழுக் கடன் கட்டுற நாள், வீட்டு முன்னால ஆள் வந்து நிக்கும். நீதிமொழிகள் 3:28ல கையில வச்சுக்கிட்டே போய்ட்டு நாளைக்கு வான்னு சொல்லாதன்னு அப்படியே இருக்கு. பேரம் பேசுறதுலயும் இதுதான், மால்ல போட்ட விலைய குடுத்துட்டு வந்து தலையில கீரைக்கட்டு தூக்கிட்டு வர்ற அம்மாகிட்ட அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கு நிக்காதீங்க.

தனி டம்ளர் விஷயத்தையும் சொல்லிடுறேன், கோவம் வந்தாலும் பரவாயில்ல. ஞானஸ்நானம் எடுத்து நாலு தலைமுறை ஆன வீட்டுல கூட பின்கட்டுல ஒரு எவர்சில்வர் டம்ளர் கவுத்து வச்சிருக்கும், வேலைக்கு வர்றவங்களுக்கு. எங்க அம்மா வீட்டுலயும் இருந்துச்சு. கல்லறைத் தோட்டத்துலயே குறுக்க சுவர் எழுப்பி செத்தவங்கள ஜாதி பாத்து பிரிச்சு வச்ச சபைகள் நம்ம தமிழ்நாட்டுலயே உண்டு. யோவான் 4ல யூதருக்கும் சமாரியருக்கும் சம்பந்தமே கிடையாதுன்னு வருதே, அது எங்கயோ இஸ்ரவேல் நாட்டுச் சங்கதின்னு நினைச்சு வாசிக்கிறோம். அங்க கிணத்தடியில வந்த சமாரிய அம்மாகிட்ட இயேசு முதல்ல கேட்டது என்ன? குடிக்கத் தண்ணி. அவங்க பாத்திரத்துல. ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், அந்த டம்ளரை எடுத்து மத்த டம்ளரோட கலந்து அடுக்கிடுங்க, எது எதுன்னு தெரியாமப் போகட்டும். தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் அதுலதான் மோர்.

துட்டி (சாவு) வீட்டுல என்ன பண்றது

பேசாதீங்க. வேதத்துல பிள்ளைங்களையும் சொத்தையும் இழந்த யோபோட சிநேகிதங்க மூணு பேரும் ஏழு நாள் ராவும் பகலும் அவர் கூட தரையில சும்மா உக்காந்திருந்தாங்க, அது வரைக்கும் ரொம்ப நல்லவங்க, வாயத் திறந்ததும்தான் கெட்டுது. "தேவசித்தம்", "நல்ல இடத்துக்கு போய்ட்டாங்க", "அழாதீங்க", இதெல்லாம் நமக்கு ஆறுதல், அவங்களுக்கு இல்ல.

வேலை நிறைய இருக்கும், அத பாருங்க. சேர் வாடகைக்கு சொல்லணும். வர்றவங்களுக்கு பிளாஸ்க்ல காபி, பேப்பர் கப்பு. போன் சார்ஜர் ஒண்ணு கொண்டு போங்க, அந்த வீட்டு போன் எல்லாம் மதியத்துக்குள்ள செத்துப் போகும். சின்னப் பிள்ளைங்கள நம்ம வீட்டுக்கு கூட்டிட்டு வந்து குளிப்பாட்டி சோறு குடுங்க. எறப்பு சர்டிபிகேட்டுக்கு நகல் எத்தனை எடுக்கணும், பென்ஷன், பேங்க், இன்சூரன்ஸ்னு ஒவ்வொரு இடத்துலயும் கேப்பாங்க, விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கூட போனா பாதி பாரம் குறையும். அவங்க சடங்கு அவங்களுது, நெய்ப்பந்தம் பிடிக்கட்டும், பாத்திஹா ஓதட்டும், நீங்க ஓரமா மரியாதையா நில்லுங்க.

இதுல முக்கியமானது, பதினாறு முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் பஸ் ஏறினதுக்கு அப்புறம்தான் அந்த வீடு நெசமாவே காலியாகும். அந்த வாரம் போங்க. சும்மா போய் உக்காருங்க. இறந்தவங்க பேரச் சொல்லிப் பேசுங்க, எல்லாரும் அந்தப் பேர சொல்ல பயந்துக்கிட்டு இருப்பாங்க.

ஜெபம் பண்ணலாமான்னு கேட்டா, பண்ணலாம், அவங்கள கேட்டுட்டு. சரின்னு சொன்னா ரெண்டு நிமிஷம், மெதுவா, அவங்க கஷ்டத்துக்காக மட்டும். ஆஸ்பத்திரி பெட்ல ஓடுற டிரிப்போட படுத்திருக்குறவங்க எழுந்து போக முடியாது, அந்த நேரம் பாத்து பாவம், நரகம், மனந்திரும்புதல்னு அரை மணி நேரம் பேசுறத என்னால ஏத்துக்க முடியல. ஆத்தும ஆதாயத்துல, அதாவது அடுத்தவங்கள இயேசுகிட்ட கூட்டிட்டு வர்றதுல, எனக்கும் நம்பிக்கை உண்டு, என் விசுவாசத்த கேட்டா கண்டிப்பா சொல்லுவேன், கேக்குறாங்க, சொல்லியும் இருக்கேன். ஆனா சாம்பார் வாளிக்கு அடியில கைப்பிரதி வச்சு அனுப்புனா அது தூண்டில்ல புழு கோத்த மாதிரிதான், அவங்களுக்கு அது உடனே தெரியும். அவங்க சபைக்கு வரவே மாட்டாங்கன்னு நூறு சதவீதம் தெரிஞ்சாலும் இந்த சாம்பாரை கொண்டு போவேனான்னு உங்களையே கேட்டுக்கோங்க.

இன்னொரு வியாதி நம்மகிட்ட மட்டும்தான் உண்டு, ஜெபக்குறிப்பு. "அந்த சிஸ்டர் வீட்டுல புருஷன் பொண்டாட்டிக்குள்ள கொஞ்சம் பிரச்சனை, ஜெபத்துல தாங்கிக்கோங்க"ன்னு நூத்திருபது பேர் இருக்குற வாட்ஸ்ஆப் குரூப்ல போடுறது. லேவியராகமம் 19:16, அங்குமிங்கும் கோள்சொல்லித் திரியாதே. பேர் சொல்லாம ஜெபிச்சாலும் ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

ரோட்டுல ஒருத்தர் விழுந்து கிடந்தா

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில, கள்ளர் அடிச்சு ரோட்டுல போட்டுட்டுப் போன ஒருத்தனுக்கு சமாரியன் பண்ணத வரிசையா பாருங்க. கிட்ட வந்தான், காயத்துல எண்ணெயும் திராட்சரசமும் ஊத்தி கட்டுனான், தன்னோட சுயவாகனத்துல ஏத்துனான், சத்திரத்துல சேத்தான், ராத்திரி கூட இருந்தான், மறுநாள் ரெண்டு பணம் குடுத்தான். ஒரு பணம்னா ஒரு நாள் கூலி, மத்தேயு 20ல திராட்சத்தோட்டக் கதையில வருதே அந்தக் கூலி. எருசலேம்ல இருந்து எரிகோவுக்கு இறங்குற ரோடு இருபத்தஞ்சு கிலோமீட்டர் சுமாருக்கு, சுமார் ஆயிரம் மீட்டர் பள்ளத்துக்கு இறங்குது, ஆளரவம் இல்லாத மலைப்பாதை, நின்னா நம்மளையும் அடிப்பானோன்னு, முன்னாடியே பாத்துட்டு விலகிப் போன ஆசாரியன் பயந்திருந்தா அது ஞாயமான பயம்தான்.

நம்ம பயம் வேற, போலீஸ், கோர்ட்டு, சாட்சி. அந்தப் பயத்துக்கு இப்போ வேலை கம்மி. 2016ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு வழிமுறைகள உறுதிப்படுத்துச்சு, 2019ல மோட்டார் வாகன சட்டத்துல 134ஏ-ன்னு ஒரு பிரிவே சேத்தாங்க, அதுல நல்ல சமாரியன்னே பேரு போட்டிருக்கு. நல்லெண்ணத்தோட உதவி பண்ணவங்க மேல கேஸ் போட முடியாது, பேர் விலாசம் குடுத்துத்தான் ஆகணும்னு கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48ன்னு திட்டம் இருக்கு, விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியில, தனியார் உட்பட, இலவச சிகிச்சை. அதனால பணம் யார் கட்டுறதுன்னு யோசிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதில்ல.

செய்ய வேண்டியது: 108 அடிங்க, இடத்த தெளிவா சொல்லுங்க, பக்கத்து பெட்ரோல் பங்க், பாலம், கிலோமீட்டர் கல்லு, எதாவது. ரத்தம் வர்ற இடத்த சுத்தமான துணியால நல்லா அழுத்திப் பிடிங்க. கழுத்துல முதுகுல அடின்னு தோணுனா, தீ, வண்டின்னு வேற ஆபத்து இல்லாத வரைக்கும், அசைக்காதீங்க. தண்ணி குடுக்காதீங்க, மயக்கத்துல புரை ஏறிடும். வீடியோ எடுக்குறவங்கள ரோட்ட ஒதுக்க சொல்லி வேலை குடுங்க. அவரு போன்ல அம்மா, வீடுன்னு இருக்குற நம்பருக்கு ஒருத்தர் பேசுங்க.

வாங்கிக்கவும் தெரியணும்

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு வரும்போதே மழை கொட்டுது, காயல்பட்டினத்துல மட்டும் அந்த 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் பேஞ்சதுன்னு அப்புறம்தான் தெரியும். ராத்திரி எங்க வீட்டுக்குள்ள தண்ணி. கரண்ட் இல்ல, போன் இல்ல. கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு இடிச்சு வச்ச மாவு பூரா ஊறி மிதக்குது, கட்டில் மேல ஏறி உக்காந்திருக்கோம், என் மாமியாருக்கு காலு நடக்க முடியாது. பதினோரு மணி இருக்கும், டார்ச் வெளிச்சம். பாயும் அவர் மகனும் இடுப்பளவு தண்ணியில நிக்கிறாங்க. "டீச்சர், மாடிக்கு வாங்க, பெரியம்மாவ நாங்க தூக்கிக்கிறோம்."

சேர்ல வச்சு தூக்கிட்டுப் போனாங்க. அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் சேர்ல. எனக்கு அந்தத் தண்ணியில நடக்கும்போது அவங்க வாப்பாவ தூக்கிட்டுப் போனதுதான் கண்ணு முன்னால. ரெண்டு ராத்திரி அவங்க மாடியில இருந்தோம், ஆச்சியும் அங்கதான். கேஸ் அடுப்புல பாய் வீட்டு அக்கா கஞ்சி வச்சாங்க, ஆச்சிக்கு தனியா புதுச் சட்டியில கறி படாம வச்சுக் குடுத்தாங்க, யாரும் சொல்லல, அவங்களாவே. அதே சமயத்துலதான் ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு போய் நூத்துக்கணக்கான பேர் மாட்டிக்கிட்டாங்க, பக்கத்துல புதுக்குடி ஊர்க்காரங்க தங்கள்ட்ட இருந்தத வச்சு சோறு பொங்கிப் போட்டாங்க, பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

அன்னைக்குத்தான் அந்த சமாரியன் கதை வர்ற லூக்கா 10 எனக்கு புரிஞ்சது. எனக்கு பிறன் யார்னு கேட்ட ஆளுக்கு, உதவி செய்ய வேண்டிய ஏழை எவன்னு இயேசு லிஸ்ட் குடுக்கல. ரோட்டுல அடிபட்டுக் கிடக்குறவன் இடத்துல அவன படுக்க வச்சு, உன்னைய தூக்க வர்ற கை யாரோடதுன்னு பாருன்னு காட்டுறாரு. அந்த ஆளுக்கு கடைசியில சமாரியன்னு சொல்லக்கூட வாய் வரல, "இரக்கஞ்செய்தவனே"ன்னு முடிச்சுக்கிறான். நம்ம எப்பவும் அந்தக் கதைய வாசிக்கும்போது குடுக்குற ஆளா நம்மள வச்சுத்தான் வாசிப்போம். குடுக்குறது சுகமா இருக்கும், மேல நிக்கலாம். வாங்குறதுதான் கஷ்டம்.

அதனால பழகிக்கோங்க. ஒரு தேங்காமூடி கேளுங்க, ஏணி கேளுங்க, ஊருக்கு போறப்போ செடிக்கு தண்ணி ஊத்தச் சொல்லுங்க. எப்பவும் குடுக்குற வீடா மட்டும் இருந்தா அவங்க உங்கள கும்பிடுவாங்க, சேந்து உக்காந்து பேச மாட்டாங்க.

மன்னிப்பு கேக்குறப்போ

மத்தேயு 5ல காணிக்கைய பலிபீடத்து முன்னால வச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இருக்கு. நேர்ல போங்க, மெசேஜ் வேண்டாம், பலகாரத் தட்டோட போகாதீங்க, அது லஞ்சம் மாதிரி இருக்கும், வெறுங்கையோட போங்க. தப்பு பண்ணது என்னன்னு பேர் சொல்லிச் சொல்லுங்க. "ஆனா" போடாதீங்க. நான் ரெண்டாம் நாள் காலையில மாடிப்படியில வச்சு சொன்னேன், "பாய், அன்னைக்கு வாப்பாவுக்கு முடியாதப்போ நாங்க வண்டிய வச்சு வழிய மறிச்சோம், நீங்க கேட்டப்போ நான் பேசுனது ரொம்பத் தப்பு"ன்னு. அவர் ஒண்ணும் பெருசா சொல்லல. "விடுங்க டீச்சர், மோட்டார்ல சேறு அடைச்சிருக்கும், சாருகிட்ட சொல்லி கரண்ட் வந்தாலும் போட வேண்டாம்னு சொல்லுங்க"ன்னாரு.

எல்லா சண்டையும் இப்படி முடியாது. அடிக்கிற புருஷன் இருக்குற வீடு, குடிச்சுட்டு வம்பு இழுக்குற ஆளு, இடத்த வளைச்சுப் போட்டு மிரட்டுறவங்க, அங்க அன்புங்கிற பேர்ல சகிச்சுக்கிட்டு இருக்காதீங்க, அடுத்தவங்களையும் சகிச்சுக்கோன்னு சொல்லாதீங்க. அந்த அடி வாங்குற அம்மாவுக்கு பெண்கள் உதவி எண் 181ஐ தெரிய வைங்க, குழந்தைன்னா 1098. தனியா போய் வீரம் காட்டாதீங்க.

நம்மளாலயும் எல்லாத்தையும் சுமக்க முடியாது, அதுவும் அந்தக் கதையிலேயே இருக்கு. சமாரியன் மறுநாள் கிளம்பிப் போய்ட்டான். அவன் வேலைய அவன் விடல. சத்திரக்காரன்கிட்ட பொறுப்ப ஒப்படைச்சு, கூட செலவானா திரும்பி வரும்போது தர்றேன்னு சொல்லிட்டுப் போனான். அதனால ஆச்சிய நான் ஒருத்தி பாக்கணும்னு இல்ல, திங்கள் புதன் நான், செவ்வாய் வியாழன் பாய் வீட்டு அக்கா, மிச்ச நாள் மேல்வீட்டு காலேஜ் பிள்ளைங்க. சபை, மசூதி, கோயில் எல்லாம் ஒரே அட்டவணையில, ஆச்சி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு.

வெள்ளிக்கிழமை கூட்டம் இப்பவும் நடக்குது, மைக் இல்ல. வண்டியெல்லாம் தெருமுனையில. போன வாரம் புதுசா வந்த ஒரு தம்பி தெரியாம பாய் கேட் முன்னால பைக்க விட்டுட்டான், நான் பாட்ட நிறுத்திட்டு வெளிய ஓடுறேன், பாய் வாசல்ல நின்னு கையக் காட்டுறாரு, "இருக்கட்டும் டீச்சர், நான் வெளிய போகல, முடிச்சுட்டு வாங்க"ன்னு. எடுக்க வச்சுட்டுத்தான் உள்ள போனேன்.